ஓய்வுக்குக் கூலி யார் கொடுப்பது?

குறிஞ்சிப்பாடிப் பெரியோர்களே, தாய்மார்களே, தறியை நிறுத்திவிட்டு வந்திருக்கும் நெசவாளத் தோழர்களே, முந்திரிக்கொட்டை உடைத்த கை காயுமுன் வந்து உட்கார்ந்திருக்கும் சகோதரிகளே, நெய்வேலியில் ஷிப்ட் முடித்து நேராக இங்கே வந்து பின்வரிசையில் இடம்பிடித்திருக்கும் தம்பிகளே, எல்லோருக்கும் என் வணக்கம்.

கோவிட்டைப் பற்றிப் பேசப்போகிறேன் என்றதும் நண்பர் ஒருவர் கேட்டார்: "அதுதான் போய்விட்டதே, இன்னும் அதைப் பற்றி என்ன பேச்சு?" நியாயமான கேள்வி. 2023 மே 5ஆம் தேதி உலக சுகாதார நிறுவனம் கோவிட் அவசரநிலை முடிந்தது என்று அறிவித்துவிட்டது. முகக்கவசத்தைக் கழற்றிவிட்டோம். கை கழுவும் தண்ணீர்க் குழாய்களைக் கழற்றி எடைக்குப் போட்டுவிட்டோம். அவசரம் முடிந்தது, சரி. நோய் முடிந்ததா? இந்தக் கூடத்தில் இருப்பவர்களில் எத்தனை பேருக்கு 2021க்குப் பிறகு மாடிப்படி உயரமாகிவிட்டது? எத்தனை பேருக்கு இன்னும் மல்லிகையின் வாசனை சரியாகத் தெரியவில்லை? எத்தனை பேர் "அந்தக் காய்ச்சலுக்கு அப்புறம் நான் பழைய ஆள் இல்லை" என்று வீட்டில் சொல்லி, "எல்லாம் மனசுதான்" என்று பதில் வாங்கியிருக்கிறீர்கள்? கை தூக்க வேண்டாம். உங்களுக்குத் தெரிந்தால் போதும்.

கோவிட்டிலிருந்து பிழைத்தவர் குணமாவது எப்படி, அந்தக் குணத்துக்கான வைத்தியத்தில் நாம் எதற்காகச் சண்டை போட்டோம், எதற்காகப் போடாமல் விட்டோம் என்பதுதான் இன்றைய பேச்சு. நான் மருத்துவன் இல்லை. மாத்திரை சீட்டு எழுதித் தரமாட்டேன். படித்ததையும் இந்த மாவட்டத்தில் பார்த்ததையும் வைத்துத்தான் பேசுகிறேன்.

கொஞ்சம் பின்னால் போவோம். 2020 மார்ச் 7ஆம் தேதி தமிழ்நாட்டில் முதல் தொற்று உறுதியானது. நமக்கு அது தூரத்துச் செய்தி. ஏப்ரல் முழுக்கத் தூரத்துச் செய்திதான். மே மாதம் பிறந்தது, கோயம்பேடு வந்தது. சென்னைக் கோயம்பேடு சந்தையில் மூட்டை தூக்கியவர்கள், கடையில் கணக்கு எழுதியவர்கள், வண்டி ஓட்டியவர்கள் எல்லோரும் யார்? கடலூர், விழுப்புரம், அரியலூர் பிள்ளைகள். சந்தையில் பரவியது, சோற்றுக்கு வழி அடைந்தது, ஊருக்குத் திரும்பினார்கள். மே 4ஆம் தேதி ஒரே நாளில் தமிழ்நாட்டில் 527 பேருக்குத் தொற்று. அதில் 122 பேர் கடலூர் மாவட்டம். சென்னைக்கு அடுத்து நாம். மறுநாள் கோயம்பேடு மூடப்பட்டது.

அந்த வாரத்தை நீங்கள் மறந்திருக்க மாட்டீர்கள். பள்ளிக்கூடங்களும் கல்லூரிகளும் தனிமை முகாம்கள் ஆயின. தெருமுனையில் தகரம் அடித்தார்கள். வந்தவன் யாருடைய பிள்ளை என்று தெரிந்தும் "கோயம்பேட்டான் வந்திருக்கிறான்" என்று சொன்னோம். பத்து வருடம் அந்தச் சந்தையில் முதுகு ஒடித்துச் சம்பாதித்து, இங்கே தங்கை கல்யாணத்தையும் அப்பாவின் கண் ஆபரேஷனையும் முடித்த பிள்ளை அவன். நோயைவிட அந்தத் தகரம்தான் பலருக்கு வலித்தது. அந்த வலியால்தான் அடுத்த அலையில் பலர் சோதனைக்கே வரவில்லை. தெரிந்தால் தகரம் அடிப்பார்கள் என்றால் யார் தெரியப்படுத்துவார்? ஒரு ஊர் நோயாளியை எப்படி நடத்துகிறது என்பதும் வைத்தியத்தின் ஒரு பகுதிதான். அந்தப் பாடத்தில் அன்றைக்கு நாம் தேறவில்லை.

அடுத்த வருடம் இரண்டாவது அலை. 2021 மே 21ஆம் தேதி ஒரே நாளில் மாநிலத்தில் 36,184 பேர். படுக்கை இல்லை, ஆக்சிஜன் இல்லை, 104க்கு அடித்தால் வரிசை. அப்போது நம் எல்லோர் வாயிலும் ஒரே பெயர். ரெம்டெசிவிர்! அதுவரை அந்தப் பெயரை யார் கேள்விப்பட்டோம்? ஆனால் சென்னை கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி வாசலில் அந்த ஊசிக்காக வெயிலில் வரிசை நின்றது. நம் மாவட்டத்திலிருந்தும் வாடகைக் கார் பிடித்துப் போய் நின்றார்கள். கூட்டம் தாங்காமல் விற்பனை நேரு விளையாட்டரங்கத்துக்குப் போயிற்று. அதுவும் தாங்காமல், இனி மருத்துவமனைகளுக்கே நேரடியாகத் தருவோம் என்று அரசு அறிவித்தது. தாலி அடகு வைத்து அந்த ஊசி வாங்கியவர்கள் இருக்கிறார்கள்.

இப்போது ஒன்றைச் சொல்கிறேன், கோபப்படாமல் கேளுங்கள். அந்த வரிசை தொடங்குவதற்கு ஐந்து மாதம் முன்னாலேயே, 2020 நவம்பரில், உலக சுகாதார நிறுவனம் சொல்லிவிட்டது: ஆஸ்பத்திரியில் படுத்திருக்கும் கோவிட் நோயாளியின் உயிரை ரெம்டெசிவிர் காப்பாற்றுகிறது என்பதற்குச் சான்று கிடைக்கவில்லை, அதனால் பரிந்துரைக்கவில்லை. பல நாடுகளில் ஆயிரக்கணக்கானவர்களுக்குக் கொடுத்துப் பார்த்துத்தான் அப்படிச் சொன்னார்கள். பிறகு, 2022இல், நோய் முற்றுவதற்கு முன்னால் ஆபத்து அதிகமுள்ளவர்களுக்குக் கொடுத்தால் பயன் உண்டு என்று திருத்திக்கொண்டார்கள். ஆக, முற்றிய பிறகு வரிசையில் நின்று வாங்கிக் கொடுத்தவர்களுக்கு அது பெரிதாக உதவவில்லை. வரிசையில் நின்ற அண்ணன்மீதும் தம்பிமீதும் என்ன குற்றம்? சீட்டு எழுதிக் கையில் கொடுத்து, "எங்கேயாவது போய் வாங்கிட்டு வாங்க" என்று அனுப்பியது யார்?

அதே காலத்தில் உயிர் காத்த மருந்து ஒன்று இருந்தது. டெக்சாமெத்தசோன். பழைய ஸ்டீராய்டு மருந்து, சில ரூபாய்க்குக் கிடைப்பது, எந்த மெடிக்கலிலும் இருப்பது. 2020 ஜூன் 16ஆம் தேதி இங்கிலாந்தின் ரெகவரி ஆய்வு அதன் முடிவைச் சொன்னது. செயற்கைச் சுவாசத்தில் இருப்பவர்களிடையே இறப்பு மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜனில் மட்டும் இருப்பவர்களிடையே ஐந்தில் ஒரு பங்கு குறைந்தது. ஆக்சிஜன் தேவைப்படாதவர்களுக்கோ பயனில்லை. இதற்கு வரிசை நின்றதா? கள்ளச்சந்தை நடந்ததா? மலிவான பொருளுக்கு மரியாதை இல்லை, பாருங்கள்.

மரியாதை இல்லை என்றால் பயன்படுத்தாமல் விட்டோம் என்று நினைக்காதீர்கள். கண்டபடி பயன்படுத்தினோம்! வீட்டில் லேசான காய்ச்சலோடு படுத்திருந்தவர்களுக்கெல்லாம் முதல்நாளே ஸ்டீராய்டு. நம் வீடுகளில் பலருக்குச் சர்க்கரை. ஸ்டீராய்டு சர்க்கரையை ஏற்றும், எதிர்ப்புச் சக்தியை இறக்கும். வந்தது கருப்புப் பூஞ்சை. 2021 மே மாதம் அதைக் கட்டாயம் அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோயாகத் தமிழ்நாடு அறிவித்தது. ஜூலைக்குள் நாடு முழுக்க 45 ஆயிரத்துக்கும் மேற்பட்டவர்கள். கண்ணை எடுத்தார்கள், தாடையை எடுத்தார்கள். எந்த மருந்து என்ற சண்டையில், யாருக்கு, எப்போது, எவ்வளவு என்ற கேள்வியை விட்டுவிட்டோம்.

பிளாஸ்மாவையும் சேர்த்துக்கொள்ளுங்கள். குணமானவர் ரத்தத்திலிருந்து பிளாஸ்மா எடுத்துக் கொடுத்தால் பிழைப்பார் என்று 2020இல் வங்கியே திறந்தோம். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 39 மருத்துவமனைகளில் 464 பேரிடம் சோதித்துப் பார்த்து, பயனில்லை என்று அந்த ஆண்டே சொன்னது. ஆனாலும் அதை அதிகாரபூர்வப் பட்டியலிலிருந்து எடுக்க 2021 மே 17 வரை ஆயிற்று. நம் நாட்டு ஆய்வு, நம் மருத்துவர்கள் செய்தது, உலகமே எடுத்துப் படித்தது. நாம்தான் படிக்கவில்லை.

சரி, இங்கிலீஷ் மருந்தை இவ்வளவு சொல்லிவிட்டாய், நாட்டு மருந்தைச் சொல்லமாட்டாயா என்று முன்வரிசையில் ஒரு பெரியவர் பார்க்கும் பார்வையிலேயே கேட்கிறார். சொல்கிறேன் ஐயா.

நம் பக்கத்தில் வடலூர். வள்ளலார் 1867இல் தருமச்சாலையில் ஏற்றி வைத்த அடுப்பு இன்றும் எரிகிறது. பசித்தவனுக்குச் சோறு போட்ட அதே மனிதர், உடம்பை எப்படி வைத்துக்கொள்வது என்றும் நித்திய கரும விதியில் எழுதி வைத்தார். கரிசலாங்கண்ணியும் தூதுவளையும் இந்தப் பக்கத்து வீடுகளில் மருந்துப் பெட்டியில் இல்லை, சமையல்கட்டில் இருக்கிறது. அப்படிப்பட்ட மண்ணில் கபசுரக் குடிநீர் கொடுத்தால் யார் வேண்டாம் என்பார்கள்? சுக்கு, திப்பிலி, கிராம்பு, ஆடாதோடை, நிலவேம்பு, சீந்தில், அக்கரகாரம் என்று பதினைந்து சரக்கு. 2020 ஏப்ரலில் அரசே ஆரோக்கியம் திட்டத்தில் வீதிவீதியாகக் கொடுத்தது. சென்னை சாலிகிராமத்தில் சித்த மருத்துவ கோவிட் மையமே நடந்தது.

அதனால் குணமானார்களா? மையத்துக்குப் போனவர்களில் பெரும்பாலோர் லேசான நோயோடு போனவர்கள். லேசான நோயில் பெரும்பாலோர் எந்த மருந்தும் இல்லாமலே குணமாகியிருப்பார்கள். அதனால் "போனவன் எல்லாம் பிழைத்தான்" என்பது சான்றாகாது. ரெம்டெசிவிருக்கும் இதே அளவுகோல்தான், கபசுரத்துக்கும் இதே அளவுகோல்தான். சிறிய ஆய்வுகள் நடந்தன. உயிர் காக்கும் என்று சொல்லுமளவுக்குப் பெரிய ஆய்வு நடக்கவில்லை. நடந்திருக்க வேண்டும் என்பது என் குறை. தெருத்தெருவாகக் கொடுக்க அரசுக்குப் பணம் இருந்தது, அதை ஒழுங்காகச் சோதித்துப் பார்க்க மனம் இல்லை. நாட்டு மருந்தை மதிக்கிறவன் அதைச் சோதனைக்கு அனுப்புவான். சோதிக்காதே என்று சொல்கிறவன் அதைச் சாமியாக்கிக் கும்பிடுகிறான், அவ்வளவுதான்.

"பக்கவிளைவே இல்லை" என்பதையும் கொஞ்சம் நிறுத்திச் சொல்லுங்கள். சீந்தில் கொடியை மாதக்கணக்கில் தானாகவே சாப்பிட்டவர்களுக்கு ஈரல் பாதிப்பு வந்ததாக 2021இல் மும்பை மருத்துவர்கள் எழுதினார்கள். ஆயுஷ் அமைச்சகம் மறுத்தது. விவாதம் நடக்கிறது, நடக்கட்டும். அளவும் நாளும் தெரிந்த சித்த மருத்துவரிடம் கேட்டுச் சாப்பிடுங்கள் என்பதோடு நான் நகர்கிறேன். ஏனென்றால் இந்தச் சண்டையில் இரண்டு பக்கமும் ஒரே தவறைச் செய்தன.

என்ன தவறு? இரண்டு பக்கமும் பதினான்கு நாளைப் பற்றித்தான் சண்டை போட்டன! அந்தப் பதினான்கு நாளில் எதைக் கொடுப்பது? ஊசியா, கஷாயமா? நெகட்டிவ் வந்தது, மாலை போட்டார்கள், கை தட்டினார்கள், ஆம்புலன்ஸில் வீட்டில் இறக்கிவிட்டார்கள். பதினைந்தாம் நாள்? முப்பதாம் நாள்? நூறாம் நாள்? அதைப் பற்றி யாரும் சண்டை போடவில்லை.

நோயாளிகள்தான் முதலில் வாய் திறந்தார்கள். 2020 மே மாதத்தில், இத்தாலியைச் சேர்ந்த எலிசா பெரெகோ என்ற பெண், தானே நோயாளியாக இருந்தவர், இதற்கு லாங் கோவிட் என்று பெயர் வைத்து எழுதினார். உலகெங்கும் ஆயிரக்கணக்கானவர்கள் "எனக்கும், எனக்கும்" என்றார்கள். மருத்துவ உலகம் அவர்கள் பின்னால் வந்தது. 2021 அக்டோபரில் உலக சுகாதார நிறுவனம் இதற்கு இலக்கணம் வகுத்தது. தொற்று வந்து மூன்று மாதத்துக்குப் பிறகும் இருக்கும், குறைந்தது இரண்டு மாதம் நீடிக்கும், வேறு காரணம் சொல்ல முடியாத உபாதைகள். களைப்பு, மூச்சிரைப்பு, நினைவும் கவனமும் தடுமாறுதல். தொற்று வந்தவர்களில் நூற்றுக்கு ஆறு பேர் அளவில் இப்படி ஆகலாம் என்று அந்த நிறுவனம் கணக்கிடுகிறது. பெண்களுக்கு அதிகம். தடுப்பூசி போட்டவர்களுக்குக் குறைவு. லேசாக வந்து போனவர்களுக்கும் வரலாம்.

இது நமக்குப் புதிதா? 2006ஐ நினைத்துப் பாருங்கள். சிக்குன்குனியா! வீட்டுக்கு வீடு. காய்ச்சல் மூன்று நாளில் விட்டது. மூட்டு விட்டதா? கிணற்றடியில் வாளி தூக்க முடியவில்லை, தறி மிதிக்க முடியவில்லை, தண்டவாளம் தாண்டக் கை பிடிக்க வேண்டியிருந்தது. மாதக்கணக்கில், சிலருக்கு வருடக்கணக்கில். "எல்லாம் மனசுதான்" என்று அன்றைக்கு யாராவது சொன்னோமா? சொல்லவில்லை. ஏன்? ஊரே நொண்டியது, கண்ணுக்குத் தெரிந்தது. கோவிட்டுக்குப் பிறகு வரும் களைப்பு கண்ணுக்குத் தெரியவில்லை. எக்ஸ்ரேயில் தெரியவில்லை, ரத்தப் பரிசோதனையில் பல நேரம் தெரியவில்லை. ஆளைப் பார்த்தால் நன்றாகத்தான் இருக்கிறார். அதனால் நம்பவில்லை. கிருமி போன பிறகும் உடம்பு மாதக்கணக்கில் கணக்குத் தீர்க்கும் என்று இந்த ஊருக்குச் சொல்லித்தர வேண்டியதே இல்லை. நமக்கு அது தெரியும். தெரிந்ததை மறந்துவிட்டோம்.

இப்போது இந்தப் பேச்சின் நடுப்பகுதிக்கு வருகிறேன். இந்த நோய்க்கு என்ன மருந்து? உலகில் இதுவரை நிரூபிக்கப்பட்ட மருந்து ஒன்றும் கிடையாது. இருக்கிறது என்று விளம்பரம் செய்பவர் எந்த வைத்தியத்தைச் சேர்ந்தவராக இருந்தாலும் பையைக் கெட்டியாகப் பிடித்துக்கொள்ளுங்கள். மருந்து இல்லை என்றால் வைத்தியம் இல்லை என்று ஆகாது. அங்கேதான் உலகம் முழுக்க ஒரு பெரிய விவாதம் நடந்தது: களைத்தவனை எழுப்பி நடக்கவிடுவதா, படுக்கவிடுவதா?

"படுத்தே கிடந்தால் உடம்பு துருப்பிடிக்கும், நாளுக்கு நாள் கொஞ்சம் கூட்டிக்கூட்டி நட, ஓடு" என்பது ஒரு கட்சி. நம் வீட்டுப் பெரியவர்களின் கட்சியும் அதுதான். பல நோய்களுக்கு அது சரியான அறிவுரை. இதய ஆபரேஷன் முடிந்தவருக்குச் சரி, நுரையீரல் பாதித்து நெடுநாள் ஐசியூவில் கிடந்தவருக்கும் மூச்சுப்பயிற்சியோடு படிப்படியாக நடப்பது பெரும்பாலும் சரி. ஆனால் லாங் கோவிட்காரர்களில் ஒரு கூட்டத்துக்கு நடந்தால் நோய் கூடுகிறது. அதுவும் அன்றைக்கே கூடுவதில்லை. ஒருநாள் கழித்து, இரண்டுநாள் கழித்துக் கூடுகிறது.

நம் தெருவிலேயே ஒருவரை வைத்துப் பார்ப்போம். குழித்தறியில் கைலி நெய்கிறவர். இரண்டு மாதம் முடியாமல் இருந்தார். திங்கட்கிழமை காலை எழுந்தால் உடம்பு லேசாக இருக்கிறது. "அப்பாடா, விட்டது" என்று குழிக்குள் இறங்குகிறார். மிதி மிதிக்கிறார், நாடா ஓடுகிறது, இரண்டு மாதக் கடன் கண்முன் நிற்கிறது, அந்தியில்தான் எழுந்திருக்கிறார். செவ்வாய்க்கிழமையும் பரவாயில்லை. புதன்கிழமை எழ முடியவில்லை. கை வலிக்கிறது, தலை பாரம், பேசினால் வார்த்தை வரவில்லை. ஒரு வாரம் படுக்கை. திங்கட்கிழமை நெய்ததற்கும் புதன்கிழமை விழுந்ததற்கும் தொடர்பு இருக்கிறது என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அதனால் தேறியதும் மறுபடி அதே திங்கட்கிழமை, அதே புதன்கிழமை. ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் கீழே இறங்குகிறார்.

இது அவர் சோம்பலா? மனசா? உழைக்க வேண்டும் என்ற வெறியில்தான் அவர் விழுகிறார்! இதே கதி களைப்பு நோய் என்று வேறு பெயரில் பல ஆண்டுகளாக இருந்துவரும் நோயாளிகளுக்கும் உண்டு. அவர்களுக்கு வாராவாரம் உடற்பயிற்சியைக் கூட்டிக்கொண்டே போகச் சொல்லும் பழைய வழக்கத்தை 2021 அக்டோபரில் இங்கிலாந்தின் மருத்துவ வழிகாட்டு நிறுவனமே கைவிட்டது. நோயாளிகள் பல வருடம் போராடியதற்குக் கிடைத்த வெற்றி அது. அதற்குப் பதில் சொல்லப்படுவது எளிய முறை: உடம்பு தாங்கும் எல்லையைக் கண்டுபிடி, அந்த எல்லைக்கு உள்ளேயே நில். வீட்டில் ஒரு மாதத்துக்கு இருக்கும் அரிசியை முதல் வாரத்திலேயே வடித்துக் கொட்டாத அம்மாவைப் போல உடம்பின் தெம்பைச் செலவு செய். நல்ல நாளிலும் அளவோடு. முக்கியமாக, நல்ல நாளில்தான் அளவோடு. ஒரு மணி நேரம் நெய்தால் அரை மணி படு. களைத்த பிறகு படுக்காதே, களைக்குமுன் படு. எந்த நாளில் என்ன செய்தோம், எந்த நாளில் விழுந்தோம் என்று ஒரு நோட்டில் எழுதினால், எல்லை எங்கே இருக்கிறது என்று ஒரு மாதத்தில் பிடிபடும்.

எளிய முறைதான். ஆனால் நம் ஊரில் யாரால் முடியும்? அதற்கு வருகிறேன். அதற்குமுன் சில விஷயங்களை வேகமாகச் சொல்லிவிடுகிறேன்.

இருமல் விடவில்லை என்றால் "கோவிட் இருமல்தான்" என்று விடாதீர்கள். 2019இல் இந்தியாவில் 24 லட்சம் காசநோயாளிகள் பதிவானார்கள். 2020இல் 18 லட்சம். காசநோய் குறைந்ததா? பதிவு குறைந்தது. ஊரடங்கில் கண்டுபிடிக்காமல் விட்டோம். இரண்டு வாரம் தாண்டிய இருமலுக்குச் சளிப் பரிசோதனை எந்த ஆரம்ப சுகாதார நிலையத்திலும் இலவசம். அப்புறம், கோவிட்டுக்குப் பிறகு புதிதாகச் சர்க்கரை வருகிறது, ரத்தம் பாருங்கள். வாசனை தெரியாதவர்கள் வீட்டில் கேஸ் கசிந்தாலும் தெரியாது, அடுப்படியில் இன்னொருவர் மூக்கு வேண்டும்.

அடுத்தது, தடுப்பூசி. இன்றும் டீக்கடையில் இளவயதுக்காரர் யாராவது மாரடைப்பில் போனால், "ஊசிதான்" என்கிறோம். நடிகர் விவேக் 2021 ஏப்ரல் 15ஆம் தேதி தடுப்பூசி போட்டுக்கொண்டு, 17ஆம் தேதி காலமானார். அன்றைக்கு விழுந்த பயம் இன்னும் போகவில்லை. அவர் இறப்புக்கும் ஊசிக்கும் தொடர்பில்லை என்று மத்தியக் குழு ஆராய்ந்து சொன்னது, அது யார் காதிலும் ஏறவில்லை. 2023இல் இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 47 மருத்துவமனைகள் வழியாக, 18 முதல் 45 வயதுக்குள் திடீரென்று இறந்தவர்களைப் பற்றி ஆராய்ந்தது. ஊசி போட்டவர்களுக்கு ஆபத்து கூடவில்லை. யாருக்குக் கூடியது? கோவிட் முற்றி ஆஸ்பத்திரியில் படுத்திருந்தவர்களுக்கு, குடும்பத்தில் திடீர் மரணம் இருந்தவர்களுக்கு, இறப்பதற்கு முந்தைய இரண்டு நாளில் மிதமிஞ்சிக் குடித்தவர்களுக்கு, அதே இரண்டு நாளில் உடம்பை மிதமிஞ்சி வருத்தியவர்களுக்கு. கோவிஷீல்டால் மிக அரிதாக ரத்தம் உறைந்த நிகழ்வுகள் உண்டு, மறைக்க வேண்டியதில்லை. அவையும் பெரும்பாலும் ஊசி போட்ட சில வாரங்களுக்குள் நடந்தவை. இன்று விழுகிறவருக்கு அன்றைய ஊசியைக் காரணம் சொன்னால் பீடியும் சாராயமும் சர்க்கரையும் தப்பித்துக்கொள்ளும்.

நம் மாவட்டத்தின் பெரிய ஆஸ்பத்திரியைப் பற்றியும் ஒரு வார்த்தை. சிதம்பரம் ராஜா முத்தையா மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் கோவிட் வார்டில் நின்ற இளம் மருத்துவர்களும் மாணவர்களும், வார்டில் நின்றுகொண்டே, எங்களுக்கும் அரசுக் கல்லூரிக் கட்டணம் வேண்டும் என்று வாரக்கணக்கில் போராடினார்கள். 2021 தொடக்கத்தில் அது கடலூர் மாவட்ட அரசு மருத்துவக் கல்லூரி ஆயிற்று. அந்தப் பிள்ளைகள் இந்த மாவட்டத்துக்கு ஒரு அரசு மருத்துவக் கல்லூரியைக் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். கை தட்டியதற்கு மேல் அவர்களுக்கு நாம் ஒன்றும் செய்யவில்லை.

இப்போது விட்ட இடத்துக்கு வருகிறேன். களைக்குமுன் படு என்றேனே. யார் படுப்பது?

நெய்தால் கூலி, நெய்யாவிட்டால் இல்லை. முந்திரிக்கொட்டை கிலோக் கணக்கு. உடைத்தால் காசு. நூறுநாள் வேலையில் வராத நாளுக்குச் சம்பளம் கிடையாது. நெய்வேலி ஒப்பந்தத் தொழிலாளிக்கு ஈஎஸ்ஐ இருந்தால் நோய்க்காலப் பணம் உண்டு, கூலியில் நூற்றுக்கு எழுபது, வருடத்தில் 91 நாள் வரை. ஈஎஸ்ஐ இல்லாத நெசவாளிக்கு? வீட்டில் தார் சுற்றும் அக்காவுக்கு? அவளுக்கு இரண்டு ஷிப்ட், அடுப்படி ஷிப்டுக்கு விடுப்பே கிடையாது. முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டம் ஆஸ்பத்திரிப் படுக்கைக்குப் பணம் தரும். வீட்டுப் படுக்கைக்குத் தராது. ஊசிக்கு அட்டை உண்டு. ஓய்வுக்கு அட்டை இல்லை.

நாம் இவ்வளவு நேரம் மருந்துகளின் விலையைப் பேசினோம். ரெம்டெசிவிர் விலை, டெக்சா விலை. இந்த நோய்க்கு இருப்பதிலேயே விலை கூடிய மருந்து ஓய்வு! ஒரு நெசவாளி மூன்று மாதம் அரை வேலை செய்தால் வீட்டில் எத்தனை ஆயிரம் குறையும் என்று இந்த ஊரில் சின்னப் பிள்ளையும் கணக்குப் போடும். வசதியுள்ளவனுக்கு வைத்தியர் "ரெஸ்ட் எடுங்க" என்று சொன்னால் அது அறிவுரை. இல்லாதவனிடம் அதையே சொன்னால் அது கேலி.

"ஓய்வெடுக்க யாராவது காசு கொடுப்பார்களா? நடக்கிற காரியமா?" என்று கேட்பீர்கள். நடக்கிற காரியம். இந்த மாவட்டத்திலேயே நடக்கிறது. கடலூர் முதுநகருக்குப் போங்கள். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகள் கடலுக்குப் போகக் கூடாது, மீன் குஞ்சு பொரிக்கும் காலம். அந்த நாட்களுக்கு மீனவர் குடும்பத்துக்கு அரசு நிவாரணம் தருகிறது. போதவில்லை என்பார்கள், அது வேறு சண்டை. தருகிறது. மீன் ஓய்வெடுக்க மனிதனுக்குப் பணம் கொடுக்கிற நாடு, மனிதன் ஓய்வெடுக்க மனிதனுக்குக் கொடுக்கக் கூடாதா?

இன்னும் சொல்கிறேன். டாக்டர் முத்துலெட்சுமி ரெட்டி பெயரில் கர்ப்பிணிகளுக்கு நிதி தருகிறோமே, அது எதற்கு? ஊட்டத்துக்கு மட்டுமா? வயிற்றில் பிள்ளையோடு கூலிக்குப் போய்க் குனிய வேண்டாம் என்று, இழந்த கூலிக்கு ஈடாகத் தருவது. 1987இல் தொடங்கிய திட்டம், 2018இல் 18 ஆயிரம் ரூபாய் ஆயிற்று. காசநோயாளிக்குச் சிகிச்சை முடியும்வரை மாதம் 500 ரூபாய் 2018 முதல் வங்கிக் கணக்கில் வந்தது. 2024 நவம்பரில் அது 1,000 ஆயிற்று. கோவிட்டில் இறந்தவர் குடும்பத்துக்கு 50 ஆயிரம் கொடுத்தோம், உச்ச நீதிமன்றம் சொல்லிக் கொடுத்தோம். தாய் தந்தை இருவரையும் இழந்த பிள்ளைகள் பெயரில் ஐந்து லட்சம் வைப்புத்தொகை வைத்தோம். செத்தவர்களுக்குக் கணக்கு இருக்கிறது. பிழைத்து, பாதி ஆளாக நடமாடுகிறவருக்கு எந்தப் பதிவேட்டிலும் ஒரு வரி இல்லை.

அந்த ஒரு வரியில்தான் எல்லாம் தொடங்குகிறது. மக்களைத் தேடி மருத்துவம் 2021 ஆகஸ்ட் 5 முதல் நடக்கிறது. அதில் வேலை செய்யும் சகோதரி நம் வாசலுக்கு வந்து பிரஷர் பார்க்கிறாள், சர்க்கரை பார்க்கிறாள், மாத்திரை கொடுக்கிறாள். இவ்வளவு பெரிய ஏற்பாடு பல நாடுகளில் இல்லை, பெருமையாகச் சொல்லலாம். அவள் கையில் இருக்கும் படிவத்தில் இன்னும் இரண்டு கேள்வி சேர்க்க எவ்வளவு செலவாகும்? "கோவிட் அல்லது வேறு காய்ச்சலுக்குப் பிறகு மூன்று மாதம் தாண்டியும் பழையபடி வேலை செய்ய முடியவில்லையா? வேலை செய்த மறுநாளோ அதற்கடுத்த நாளோ விழுந்துவிடுகிறீர்களா?" ஆமாம் என்கிறவரை சிதம்பரத்துக்கோ கடலூருக்கோ அனுப்ப வேண்டும். அங்கே வாரத்தில் ஒருநாள், ஒரே அறையில், நுரையீரலும் இதயமும் சர்க்கரையும் காசமும் ஒரே வருகையில் பார்த்து முடிக்க வேண்டும். நாலு நாள் நாலு சீட்டு என்று அலைய வைத்தால், அந்த அலைச்சலே அவரை ஒரு வாரம் படுக்கப் போடும். வேறு காரணம் இல்லை, இதுதான் நோய் என்று மருத்துவர் எழுதிக் கொடுத்தால், மூன்று மாதத்துக்குக் காசநோயாளிக்குத் தருவது போல ஒரு தொகை. பெரிய தொகை கேட்கவில்லை. திங்கட்கிழமை முழுநாள் நெய்யாமல் அரைநாள் நெய்யத் துணியுமளவுக்கு ஒரு தொகை.

பொய் சொல்லி வாங்குவார்களே என்று ஒரு அதிகாரி என்னிடம் கேட்டார். வாங்கட்டும் ஐயா, நாலு பேர் வாங்குவார்கள். அந்த நாலு பேருக்குப் பயந்து நாற்பது பேரைக் குழிக்குள் இறக்குவதா? வடலூர் அடுப்படியில் உனக்கு உண்மையிலேயே பசியா என்று கேட்டுவிட்டா சோறு போடுகிறார்கள்?

சொன்னதையெல்லாம் இரண்டு பக்க மனுவாக எழுதிக் கொண்டுவந்திருக்கிறோம். வரும் திங்கட்கிழமை கடலூர் ஆட்சியர் அலுவலகக் குறைதீர் நாள் கூட்டத்தில் கொடுக்கப்போகிறோம். படிவத்தில் இரண்டு கேள்வி, வாரத்தில் ஒரு நாள் ஒரே அறை, மூன்று மாத ஓய்வுத்தொகை, அவ்வளவுதான் அதில் இருக்கிறது. வாசலில் மேசைமேல் வைத்திருக்கிறார்கள். முழுக்கப் படித்துப் பாருங்கள். ஒத்துக்கொண்டால் கையெழுத்துப் போடுங்கள். ஒத்துக்கொள்ளாதவர்கள் ஏன் என்று என்னிடம் சொல்லிவிட்டுப் போங்கள், திங்கட்கிழமைக்குள் திருத்த நேரம் இருக்கிறது. கடைசிப் பேருந்து பிடிக்க வேண்டியவர்கள் முதலில் போடுங்கள், மற்றவர்கள் உட்காருங்கள், கேள்விகளுக்கு வருவோம்.